தோட்டக் காவல் நாய்கள்: அவற்றின் சுபாவமும், அபாயம் நேராமற் காக்கும் முறைகளும்

நிலபுலமும் தோப்புந்துரவும் உடைய குடியானவர்களுக்குக் காவல் என்பது உழவைப் போலவே முக்கியமான காரியமாகும். தென்னந்தோப்பிலே காய் களவு போவதும், மோட்டார் அறையிலே செப்புக் கம்பி அறுபட்டுப் போவதும், ஆட்டுப் பட்டியிலே குட்டிகள் காணாமற் போவதும், மலையடிவாரங்களிலே காட்டுப் பன்றிகள் நிலக்கடலையைத் தோண்டிப் போடுவதும் யாவரும் அறிந்தவையே. இரவு முழுவதும் கண்விழித்துக் காக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டபடியால், பலமுள்ள நாயொன்றை வாங்கித் தோட்டத்திலே விடுவது பல இடங்களில் வழக்கமாகி வருகிறது.

நாய் வளர்ப்பது நல்ல ஏற்பாடே. ஆனால் திருடனைத் தடுக்கும் அதே பல்லும் தாடையும், களையெடுக்க வந்த பெண்ணையும், மின்சார அளவு பார்க்க வந்த ஊழியரையும், அடங்கல் எழுத வந்த கிராம உத்தியோகஸ்தரையும், பந்தை எடுக்க வேலிக்குள் நுழைந்த குழந்தையையும் கடிக்கக் கூடும் என்பதை மறத்தலாகாது. வந்தவர் இன்னாரென்று அறியும் பகுத்தறிவு நாய்க்குத் தானாக வருவதில்லை. அதை வளர்ப்பவனே உண்டாக்க வேண்டும். அதை உண்டாக்கும் வழி யாது என்பதே இக்கட்டுரையிற் கூறப்படுவது.

முதலாவது, ஓர் உதாரணத்தை மனத்திற் கொள்வோம். ஒரே தாயின் ஒரே ஈற்றிற் பிறந்த இரண்டு கடுவன் குட்டிகளை இரண்டு பங்காளிகள் ஆளுக்கொன்றாக எடுத்துச் செல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் தம் குட்டியை நாற்பதாம் நாளிலேயே மோட்டார் அறையின் பின்புறத்திற் சங்கிலியிட்டுக் கட்டி, வேளைக்குச் சோறு மாத்திரம் வைக்கிறார். “மனித வாடை படாமல் வளர்ந்தால்தான் மூர்க்கம் வரும்” என்பது அவருடைய எண்ணம். இளையவரோ குட்டியை வீட்டு முற்றத்தில் விட்டு, வந்துபோகிறவர்கள் கையாலெல்லாம் ஒரு வாய் உணவு கொடுக்கச் செய்து, நான்கு மாதத்துக்குப் பின் தோட்டத்துக்கு அழைத்துச் செல்கிறார். இரண்டு வருஷம் கழித்து இவ்விரண்டு நாய்களும் எவ்வாறிருக்கும் என்பதைப் பின்னே காண்போம்.

நமது நாட்டு ஜாதிகள்

தமிழ்நாட்டின் தென் ஜில்லாக்கள் நல்ல நாய் ஜாதிகளுக்குப் பேர் போனவை. அவற்றுள் இராஜபாளையம் நாய் பால் போன்ற வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும், பொன்னிறக் கண்களும் உடையது. நல்ல கடுவன் சுமார் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரமிருக்கும். 2005-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் முத்திரைகளுள் இதன் உருவமும் ஒன்று. இது பெரும்பாலும் ஒரே எஜமானனிடம் ஒட்டுவது. அன்னியர் தொடுவதைச் சகிக்காதது. வெண்ணிறங் காரணமாக இந்த ஜாதியிற் சில குட்டிகள் பிறவிச் செவிடாயிருக்கும். செவிட்டு நாய், ஆள் வருவதை அறியாமல் திடீரென்று தொடப்படும்போது திடுக்கிட்டுக் கடிக்கும். ஆகையால் குட்டி வாங்குவோர் அதன் பின்புறம் நின்று கைதட்டிப் பார்த்து, அது காதை அசைத்துத் திரும்புகிறதா என்று பரீட்சித்த பிறகே வாங்க வேண்டும்.

தேனி ஜில்லாவில் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரால் வழங்குவது கோம்பை நாய். செம்பழுப்பு நிறமும், கருத்த முகவாயும், உறுதியான தாடையும் உடையது. காட்டு மிருகங்களினின்று மந்தையைக் காக்க வளர்க்கப்பட்டபடியால் எதிர்த்து நிற்கும் துணிவு இதற்கு மிகுதி. சிப்பிப்பாறை, கன்னி என்னும் இரண்டும் ஒல்லியான உடலும் நீண்ட காலும் உடைய ஓட்ட நாய்கள். இவை கண்ணாற் கண்டதைத் துரத்துவன. ஆகவே ஓடும் ஆட்டுக்குட்டியையும் கோழியையும் மிதிவண்டியையும் கண்டால் கால் தரியாது. முற்காலத்தில் முயல் பிடிக்க இவற்றைப் பயன்படுத்தினார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாயைக் கொண்டு முயல் வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதைக் குடியானவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அன்னிய தேசத்து ஜாதிகள்

அன்னிய ஜாதிகளுள் இப்போது கிராமங்களிலும் காணப்படுபவை ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மன், ராட்வைலர் முதலியவை. ஒவ்வொன்றும் ஒரு வேலையை உத்தேசித்து விருத்தி செய்யப்பட்டது என்பதை அறிந்தால் அதன் சுபாவம் எளிதில் விளங்கும். டாபர்மன் என்பது ஜெர்மனி தேசத்தில் அபோல்டா என்னும் ஊரில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வரி வசூல் செய்யும் வேலையிலிருந்த ஒருவர் தம் துணைக்கென்று உண்டாக்கிய ஜாதி. அவர் பெயரே அதன் பெயராயிற்று. ராட்வைலர் என்பது அதே தேசத்து ராட்வைல் என்னும் ஊரின் கசாப்புக்காரர்கள் மாடுகளை ஓட்டவும் சிறு வண்டி இழுக்கவும் வைத்திருந்த நாய். கடுவன் 50 கிலோ வரையும் அதற்கு மேலும் எடையிருக்கும். பிட்புல் என்று சொல்லப்படுவது, இங்கிலாந்தில் காளைகளின்மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்த்த காலத்து நாய்களின் வழிவந்தது. அந்தக் கொடிய விளையாட்டு அங்கே 1835-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் தடுக்கப்பட்டது. அதன்பின் அவ்வகை நாய்களை ஒன்றோடொன்று சண்டையிடச் செய்வதற்காகச் சிலர் விருத்தி செய்தார்கள். பிடித்ததை விடாத குணம் இவற்றினிடம் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

ஜாதி தருவது எது, தராதது எது?

காங்கேயம் காளை உழைப்புக்கும், புலிகுளம் காளை மூர்க்கத்துக்கும் பேர் போனவை. ஆயினும் காங்கேயம் மாடுகளிற் குத்துவதும் உண்டு. புலிகுளம் மாடுகளிற் குழந்தை மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாலும் கூடவே நடந்து வருவதும் உண்டு. மாட்டைப் பற்றி இவ்வளவு தெளிவாக அறிந்துள்ள குடியானவர், நாயைப் பற்றி மாத்திரம் ஜாதிப் பெயரைக் கேட்டவுடன் தீர்மானம் செய்வது பொருத்தமன்று.

2022-ஆம் வருஷத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தையை அவற்றின் சொந்தக்காரர்களிடம் விசாரித்தும், அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுக்களைப் பரிசோதித்தும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் நடத்தையில் காணும் வேற்றுமையில் ஜாதியினால் விளங்குவது நூற்றுக்கு 9 பங்குதான் என்பது அம்முடிவு. அதிலும் சொன்னபடி கேட்கும் குணத்தில் ஜாதி ஓரளவு செல்வாக்குடையது. எளிதில் சினங்கொள்ளும் குணத்திலோ ஜாதியைக் கொண்டு ஏறக்குறைய ஒன்றும் சொல்ல இயலாது.

இதனால் எல்லா ஜாதியும் சமமென்று கொள்வதும் தவறு. கடிப்பது எந்த ஜாதியும் செய்யக் கூடியதாயினும், கடியினால் விளையும் சேதம் எல்லா ஜாதியிலும் ஒன்றன்று. சிறு நாய் கடித்தால் தோல் கிழியும். 50 கிலோ எடையுள்ள நாய் பற்றிக்கொண்டு உலுக்கினால் தசை பிய்ந்து எலும்பும் முறியும். குழந்தையாயின் உயிருக்கே ஆபத்து. ஆகையால் சுபாவம் ஒன்று, பலம் வேறொன்று என்று பிரித்தறிய வேண்டும். பலம் ஜாதியினால் வருகிறது. சுபாவமோ தாய் தந்தையர் வழியினாலும், இளமையிற் பழக்கிய பழக்கத்தினாலும், வைத்திருக்கும் முறையினாலும் அமைகிறது. பலம் அதிகரிக்க அதிகரிக்க வளர்ப்பவனுடைய பொறுப்பும் அதிகரிக்கும்.

குட்டியைத் தெரிந்தெடுத்தல்

விதையை வாங்கும்போது தாய்ப் பயிரைப் பார்ப்பது போல, குட்டியை வாங்கும்போது தாயைப் பார்க்க வேண்டும். தாயைக் காட்ட மறுக்கும் வியாபாரியிடம் வாங்கலாகாது. அன்னியர் வந்தால் எச்சரித்துக் குரைத்து, எஜமானன் சொன்னவுடன் அமைதியடையும் பெட்டையின் குட்டிகள் நல்லவை. அஞ்சி ஒளிந்து, கிட்டப் போனால் பின்னாலிருந்து கடிக்க வரும் பெட்டையின் குட்டிகளை விலக்க வேண்டும். குட்டிகளுள்ளும், ஓடி மூலையில் ஒடுங்குவதையும், உடன்பிறந்தவற்றை ஓயாமல் அடக்கிக் கடிப்பதையும் விட்டு, கூப்பிட்டால் வந்து முகர்ந்து பார்க்கும் நடுத்தரக் குட்டியை எடுத்தல் நன்று. எட்டு வாரம் நிரம்புமுன் குட்டியைத் தாயினின்று பிரித்தலாகாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் விளையாடும்போதே கற்றுக்கொள்கின்றன. அப்பாடத்தைக் கல்லாமல் வந்த குட்டி பிற்காலத்தில் தன் வாயை அடக்கத் தெரியாததாகும்.

சுபாவம் அமையும் பருவம்

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்னும் இடத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்காட், புல்லர் என்னும் இருவர் ஐந்து ஜாதி நாய்களைப் பல வருஷங்கள் வளர்த்துப் பரீட்சித்து, 1965-ஆம் வருஷத்தில் தங்கள் முடிவுகளை ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். குட்டி பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையிலுள்ள காலத்திலேயே அதற்கு மனிதரோடு இணங்கும் குணம் உறுதிப்படுகிறது என்பது அவர்கள் கண்ட முக்கியமான உண்மை. அதே இடத்தில் நடத்தி 1961-இல் வெளியிட்ட மற்றொரு பரீட்சையில், உயர்ந்த வேலிக்குள் மனிதப் பழக்கமின்றிப் பதினான்கு வாரம் வரை விடப்பட்ட குட்டிகள், பிறகு மனிதரைக் கண்டால் காட்டு மிருகம் போல் அஞ்சி விலகின.

இப்போது முன் சொன்ன உதாரணத்துக்கு வருவோம். மூத்த பங்காளி குட்டியைச் சங்கிலியிட்டுத் தனிமையில் வைத்தது இந்த அருமையான பருவத்திலேயாகும். அவர் மூர்க்கம் என்று நினைத்து வளர்த்தது உண்மையில் அச்சமே. இரண்டு வருஷத்தில் அந்த நாய் 40 கிலோ எடையுள்ளதாகி, நிழலைக் கண்டாலும் பாயும். ஒரு நாள் சங்கிலியின் வளையம் தேய்ந்து அறுமானால் அது முதலிற் பாய்வது இரவில் வரும் திருடன்மேலன்று. திருடன் எப்போதோ ஒரு முறை வருகிறவன். நாள்தோறும் அவ்வழியே நடப்பவர் வேலையாட்களும், அவர்களுக்குக் கஞ்சி கொண்டு வரும் பிள்ளைகளுமே. இளையவருடைய நாயோ, ஆள் நடமாட்டம் சாதாரணமானது என்பதை அறிந்து வளர்ந்தபடியால், பகலில் வருவோரைக் கண்டு குரைத்து அறிவித்து, எஜமானன் குரல் கேட்டு நிற்கும்; நள்ளிரவில் வேலி தாண்டுபவனை வழக்கத்துக்கு மாறானவன் என்று கண்டு விடாது மறிக்கும். சாதாரணத்தை அறிந்த நாய்க்கே அசாதாரணம் புலப்படும். எல்லாரையும் பகைவராக எண்ணும் நாய் காவலுக்கு உதவாது.

ஆகையால் எட்டு முதல் பதினான்கு வாரம் வரையில் குட்டிக்கு, முதியவர், குழந்தை, தொப்பி அணிந்தவர், குடை பிடித்தவர், தலையிற் சும்மாடு வைத்தவர், மிதிவண்டியில் வருபவர் முதலிய பலதிறப்பட்டோரையும் சாந்தமாக அறிமுகம் செய்ய வேண்டும். மாடு, ஆடு, கோழி, உழவு இயந்திரத்தின் ஓசை இவையும் பழக வேண்டும். தடுப்பூசிகள் முடியுமுன் நோயுற்ற நாய்களும் தெருநாய்களும் திரியும் இடத்துக்குக் கொண்டு போகாமல், மனிதர்களையே குட்டியினிடம் வரச் செய்தல் உசிதம்.

கடிப்பதற்குக் காரணங்களும் அறிகுறிகளும்

நாய் காரணமின்றிக் கடித்தது என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் காரணம் உண்டு. கண்டறிய நாம் தவறுகிறோம். அச்சம், உடல் நோவு, உணவையோ எலும்பையோ எடுத்துவிடுவார்கள் என்னும் சந்தேகம், ஈன்ற பெட்டை குட்டிகளைக் காத்தல், தன் எல்லையைக் காத்தல், ஓடுவதைத் துரத்தும் இயல்பு, தூக்கத்திற் தொடப்படுதல் இவையே பிரதானமானவை. இரண்டு மூன்று நாய்கள் சேர்ந்தால் ஒன்று தொடங்கியதை மற்றவை முடிக்கும். தனியே சாதுவாயிருக்கும் நாயும் கூட்டத்திற் கொடியதாகும். ஆதலால் ஒரே தோட்டத்தில் பல கடுவன்களைச் சேர்த்து அவிழ்த்து விடுவது மிக்க அபாயம்.

கடிக்குமுன் நாய் பல அறிகுறிகளைக் காட்டும். உடல் விறைத்தல், ஒரே இடத்தில் உற்று நோக்குதல், பிடரி மயிர் சிலிர்த்தல், உதட்டைச் சுருட்டிப் பல்லைக் காட்டல், உறுமல் ஆகியவை முக்கியமானவை. வால் ஆடுவதெல்லாம் அன்பின் அடையாளமென்று கொள்ளலாகாது. வாலை உயர்த்தி விறைப்பாக ஆட்டும் நாய் சண்டைக்கு ஆயத்தமாயிருக்கலாம். உறுமும் நாயை அடிப்பது பெரும் பிழை. உறுமல் என்பது நாய் கொடுக்கும் முன்னறிவிப்பு. அதை அடித்து மறக்கச் செய்தால், அடுத்த முறை அறிவிப்பின்றிக் கடிக்கும்.

தவறான எண்ணங்கள்

பச்சை இறைச்சி கொடுத்தால் மூர்க்கம் வரும் என்பதும், மிளகாய்ப் பொடி கலந்த சோறு போட்டால் ரோஷம் வரும் என்பதும், இருட்டறையில் அடைத்தால் காவல் நன்றாயிருக்கும் என்பதும் வெறும் நம்பிக்கைகளே. மிளகாயினால் வயிறு கெடும். இருட்டினால் அச்சம் வளரும். பசித்த நாய் நன்றாகக் காக்கும் என்பதும் தவறு. பசித்த நாய் உணவுக்காகத் தோட்டத்தை விட்டு ஊருக்குள் திரியும். திருடன் போடும் இறைச்சித் துண்டுக்கும் மயங்கும்.

எப்போதும் கட்டி வைப்பதால் நேரும் கேட்டைப் பற்றி ஓர் ஆராய்ச்சியும் உண்டு. அமெரிக்காவில் டென்வர் நகரத்தில் மனிதரைக் கடித்த நாய்களையும் கடியாத நாய்களையும் ஒப்பிட்டு 1994-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முடிவின்படி, முற்றத்திற் சங்கிலியிட்டுக் கட்டப்பட்ட நாய் கடிப்பதற்கு ஏது மற்றவற்றினும் ஏறக்குறைய 2.8 மடங்கு, காயடிக்கப்படாத நாய்க்கு 2.6 மடங்கு, பெட்டையினும் கடுவனுக்கு 6 மடங்குக்கு மேல். சில ஜாதிகள் கடித்தவற்றின் கணக்கில் அதிகமாகக் காணப்பட்டன என்பதும் அதே ஆராய்ச்சியிற் கண்டதே. ஆகவே ஜாதியையும் கவனிக்க வேண்டும். ஆனால் வளர்ப்பவன் கையிலேயே திருத்தக் கூடியவையாகச் சங்கிலி முதலிய காரணங்கள் இருக்கையில், அவற்றை விட்டு ஜாதியை மாத்திரம் பழிப்பதிற் பயனில்லை.

இனவிருத்திக்கு வேண்டாத கடுவனைக் கால்நடை மருத்துவரிடம் காயடித்தல் நலம். காயடித்தால் காவல் குறையும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், அதன் பொருட்டுச் சண்டையிடுவதும் குறையும். ஆனால் அச்சத்தினாற் கடிக்கும் நாய் காயடித்த மாத்திரத்தில் திருந்திவிடும் என்று நம்பலாகாது.

தோட்டத்தில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

காவல் நாய்க்கு முதல் தேவை உறுதியான வேலியும் தாழ்ப்பாளுள்ள படலுமாகும். வேலியில்லாத நிலத்தில் பலமுள்ள நாயை அவிழ்த்து விடுவது, பூட்டில்லாத வீட்டிலே நெருப்பை மூட்டிவிட்டுப் போவது போன்றது. பகல் வேளையில் ஆட்கள் வேலை செய்யும்போது நாயைக் காற்றோட்டமும் நிழலும் உள்ள கம்பி வலைக் கொட்டிலிற் விட்டு, இரவில் வேலைக்காரர் யாவரும் சென்ற பின்னரே வேலிக்குள் அவிழ்த்து விட வேண்டும். கொட்டில், நாய் தாராளமாக நடக்கவும் படுக்கவும் இடமுள்ளதாயிருக்க வேண்டும். படலருகே “நாய் உண்டு, அழைத்துவிட்டு வரவும்” என்று பெரிய எழுத்தில் எழுதிய பலகையும், இழுத்தால் ஒலிக்கும் மணியும் வைத்தல் நன்று. படிக்கத் தெரியாதவர்க்காக நாயின் உருவத்தையும் வரைதல் வேண்டும்.

தோட்டத்துக்கு வெளியே நாயைக் கொண்டு போகும்போது, அதை இழுத்து நிறுத்தும் வலிவுள்ள பெரியவர் ஒருவரே குறுகிய வாரிற் பிடித்துச் செல்ல வேண்டும். பிள்ளைகள் கையிற் கொடுத்தனுப்பலாகாது. கூட்டமுள்ள இடமாயின் வாய்க்கூடு போடுதல் அவசியம். அது நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தக்கதாயிருக்க வேண்டும். தினந்தோறும் இரண்டு வேளை நடையும், “நில்”, “இரு”, “விடு”, “வா” என்னும் நான்கு சொற்களிற் பயிற்சியும் இருந்தாற் போதும். நாய் எஜமானன் குரலுக்குக் கட்டுப்படும். நாயை மனிதர்மேல் ஏவி விளையாடுவதை எவரும் செய்யவிடலாகாது.

புதிய வேலையாள் வந்தால் எஜமானனே கூட நின்று நாய்க்கு அறிமுகம் செய்ய வேண்டும். முன் ஒருமுறை கடித்த நாயை விற்கும்போது அச்செய்தியை மறைத்து விற்பது, முட்டும் மாட்டைச் சாது என்று சந்தையில் விற்பதினும் பெரிய பாவம்.

குழந்தைகள் விஷயம்

நாய்க்கடியினால் மிகுதியும் துன்புறுபவர் குழந்தைகளே. அவர்களைக் கடிப்பவையும் பல சமயங்களில் தெருவிற் திரியும் அன்னிய நாய்களல்ல. வீட்டு நாயோ அண்டை வீட்டு நாயோ ஆகும். குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் காயம் முகத்திலும் கழுத்திலும் படுகிறது. எவ்வளவு நம்பிக்கையான நாயாயினும் சிறு குழந்தையோடு தனியே விடலாகாது. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும், கட்டிய நாயையும் கிட்டப் போகலாகாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டும். அன்னிய நாய் எதிர்ப்பட்டால் ஓடாமல், கூச்சலிடாமல், கைகளை உடலோடு சேர்த்து மரம் போல் நிற்பதும், கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கிக் குனிந்து கழுத்தையும் காதையும் கையால் மறைத்துக் கொள்வதும் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தர வேண்டிய பாடங்கள்.

வெறிநோய்

எந்த ஜாதி நாயாயினும் தடுப்பூசி இல்லையாயின் அது அபாயமானதே. மனிதர்க்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 வரை நாய்க்கடியினாலேயே வருகிறது. நோய்க்குறி தோன்றிய பின் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆனால் காலத்தில் ஊசி போட்டுக்கொண்டால் முற்றிலும் தடுக்கக் கூடியது. நாய்க்கு மூன்றாம் மாதத்தில் முதல் ஊசியும், பின்னர்க் கால்நடை மருத்துவர் குறிப்பிடும் நாளிலும் வருஷந்தோறும் தவறாமல் மறு ஊசியும் போட வேண்டும்.

நாய் கடித்தால் உடனே குழாய் நீரோ கிணற்று நீரோ விட்டுச் சவுக்காரம் தேய்த்துப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவ வேண்டும். இது மிக எளிய சிகிச்சை. மிகப் பலனுள்ளதும் இதுவே. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள், பச்சிலை முதலியவற்றை அப்பலாகாது. கழுவியவுடன் அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். தசையில் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 14, 28-ஆம் நாட்களில் ஊசி போடுவார்கள். தோலிற் போடும் முறையில் முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்த காயமாயின் காயத்திலேயே செலுத்தும் எதிர்ப்புரத மருந்தும் வேண்டும். ஒரு நாள் ஊசியையும் விடலாகாது.

கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடாமல், பத்திரமாக அடைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். பத்து நாளும் அது சுகமாயிருந்தால் கடித்த சமயத்தில் அதன் உமிழ்நீரில் வெறிநோய் இருக்கவில்லை என்று அறியலாம். ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது. சாதுவான நாய் திடீரென்று மூர்க்கமாவதும், மூர்க்கமான நாய் மூலையில் ஒடுங்குவதும், குரல் மாறுவதும், கட்டை கல் முதலியவற்றைக் கடிப்பதும், தாடை தொங்கி எச்சில் வடிவதும் வெறிநோயின் அறிகுறிகள்.

வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போடுவார்கள் என்று அஞ்சி மறைப்பவர் இன்றும் உண்டு. குன்னூரில் 1907-ஆம் வருஷம் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட காலந்தொட்டு நெடுநாள் வழங்கிய பழைய முறை மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் வருஷத்தோடு நிறுத்தப்பட்டது. இப்போது ஊசி கையிலேயே போடப்படுகிறது, அஞ்ச வேண்டுவதில்லை.

சட்டமும் கிராம உத்தியோகஸ்தர்களின் கடமையும்

தன் வசத்திலுள்ள பிராணியால் மனித உயிருக்கு அபாயமோ கொடுங்காயமோ நேராதபடி தக்க ஏற்பாடு செய்யாமல் அஜாக்கிரதையாயிருப்பவருக்கு, 2024-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மறுபுறத்தில், 1960-ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, மிகக் குறுகியதோ மிகப் பளுவானதோ ஆன சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டுவதையும், எப்போதும் கட்டியிருக்கும் நாயை உலவ விடாதிருப்பதையும் குற்றமாக்குகிறது. ஆகவே மூத்த பங்காளி தம் நாயைக் கட்டியே வைத்தாலும் குற்றம்; அஜாக்கிரதையாக விட்டு அது பிறரைக் கடித்தாலும் குற்றம். முறையாக வளர்ப்பதொன்றே இரண்டுக்கும் தப்பும் வழி.

ஜாதியைத் தடை செய்து அபாயத்தைப் போக்கலாம் என்ற முயற்சி பல தேசங்களில் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1991-ஆம் வருஷத்துச் சட்டம் பிட்புல் முதலிய நான்கு வகைகளைத் தடுத்தது. 2023-ஆம் வருஷ முடிவில் எக்ஸ்எல் புல்லி என்னும் வகையும் சேர்க்கப்பட்டது. நெதர்லாந்து தேசம் 1993-இல் விதித்த தடையை 2008-இல் நீக்கிவிட்டது. இந்தியாவில் 2024-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் மத்திய கால்நடை பராமரிப்புத் துறை 23 ஜாதிகளின் இறக்குமதியையும், விருத்தியையும், விற்பனையையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிற்று. உரியவர்களைக் கலந்து செய்யவில்லை என்று கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே அதனை ரத்துச் செய்தது. ஆதலின் பலமுள்ள அன்னிய ஜாதி நாயை வாங்க விரும்புவோர், அப்போது தம் ஊரில் அமலிலுள்ள விதியைக் கால்நடை மருத்துவமனையிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் விசாரித்த பின்னரே வாங்க வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. ஊரிலுள்ள காவல் நாய்கள், அவற்றின் சொந்தக்காரர், தடுப்பூசி போட்ட தேதி இவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கலாம். வருஷத்துக்கொரு முறை கால்நடை மருத்துவரை வரவழைத்து ஊர்ச் சாவடியில் தடுப்பூசி முகாம் நடத்தலாம். ஒரு நாய் ஒருவரைத் துரத்திற்று என்னும் முதற் புகார் வந்தவுடனேயே சொந்தக்காரரை அழைத்து வேலியையும் படலையும் திருத்தச் சொல்ல வேண்டும். கடிபட்டவர் கூலியாளாயின், வேலை போய்விடுமென்று அஞ்சிப் பேசாதிருப்பார். அவரைச் சிகிச்சைக்கு அனுப்புவதும், ஐந்து ஊசியும் முடியும் வரை அவருடைய கூலியையும் போக்குவரத்துச் செலவையும் நாய்க்குடையவர் ஏற்கும்படி செய்வதும் ஊரின் பெரியவர்களுக்கு நீதியாகும்.

சுருக்கம்

1. ஜாதி பலத்தைத் தருகிறது. சுபாவம் வழியினாலும் பழக்கத்தினாலும் அமைகிறது.

2. தாயைப் பார்த்துக் குட்டியை எடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குமுன் பிரிக்கலாகாது.

3. பதினான்கு வாரத்துக்குள் மனிதரையும் கால்நடைகளையும் பழக்க வேண்டும்.

4. எப்போதும் சங்கிலியிற் கட்டலாகாது. வேலியும் கொட்டிலும் வேண்டும்.

5. உறுமலைத் தண்டிக்கலாகாது, காரணத்தை அறிந்து நீக்க வேண்டும்.

6. குழந்தையை நாயோடு தனியே விடலாகாது.

7. நாய்க்கு வருஷந்தோறும் ஊசி; மனிதர்க்குக் கடிபட்டால் பதினைந்து நிமிஷம் சவுக்கார நீர், உடனே மருத்துவமனை.

பலமுள்ள நாயை வைத்திருப்பவர் தமது தோட்டத்துக்குக் காவலாளி ஒருவனை வைத்திருப்பதோடு, அண்டை அயலாருடைய பிள்ளைகளின் பத்திரத்துக்கும் பிணையாகிறார். அந்தப் பிணையை உணர்ந்து வளர்ப்பவருடைய தோட்டத்தில் களவும் குறையும், கண்ணீரும் இராது. குடியானவர்கள் இம்முறைகளைக் கைக்கொண்டு பயனடைவார்களாக.